குளம் பின்னால், படம் முன்னால்

கற்பித்தல் பயிற்சி நடக்கும் கிழமைகளில் வட இலங்கையின் வன்னியில் சின்னப் பாடசாலை ஒன்றுக்குள் நுழைந்தால், தரம் 3 இலோ 4 இலோ நீரைப் பற்றிய பாடம் ஒன்று நடந்துகொண்டிருக்கலாம். கரும்பலகையில் ஒரு பிறிஸ்டல் அட்டை தொங்கும். முகில், மலை, ஆறு, கடல், நீல மார்க்கரில் அம்புக்குறிகள். அதைக் கீற அந்த ஆசிரிய மாணவிக்கு இரண்டு இரவு போயிருக்கும். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் மலையை நேரில் கண்டதில்லை. ஆனால் பாடசாலையின் பின்வேலிக்கு அப்பால் குளக்கட்டு இருக்கிறது. துருசு (மதகு) எப்போது திறக்கும், குளம் நிரம்பி வான் பாயுமா, சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணுமா என்பது அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் இரவுச் சாப்பாட்டோடு பேசப்படும் பேச்சு. அந்தப் பேச்சு எதுவும் பாடத்துக்குள் வராது.

இதில் அந்த ஆசிரிய மாணவியைக் குறைசொல்ல எதுவும் இல்லை. தனக்குக் கற்பிக்கப்பட்ட விதத்தில் அவர் கற்பிக்கிறார். பாடசாலையில் 13 ஆண்டு, ஆண்டுக்கு 190 நாள், நாளுக்கு 6 மணி என்று வைத்தால் 14,820 மணித்தியாலம் அவர் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் கல்வியியற் கல்லூரிக்கு வருகிறார். அங்கே ஒரு விரிவுரையாளர் 'முழுமைசார் கற்றல்' (தலையும் கையும் மனமும் சேர்ந்து கற்பது) என்று பலகையில் எழுதி, அதன் ஆறு பண்புகளைச் சொல்லி, கொப்பியில் எழுதச் சொன்னால், அந்த ஆறு பண்புகளும் பரீட்சைத் தாளில் சரியாக வரும். வகுப்பறையில் வருவது அந்த 14,820 மணித்தியாலம்தான்.

ஆகவே முழுமையான கற்பித்தலை ஆசிரியர் பயிற்சிக்குள் கொண்டுவர விரும்புகிறவர்கள் மாற்ற வேண்டியது மூன்று: கல்லூரி விரிவுரை நடக்கும் விதம், பாடக்குறிப்பின் அமைப்பு, பாடம் பார்க்க வரும் மேற்பார்வையாளர் பாடம் முடிந்ததும் பேசும் பேச்சு. இவை மூன்றும் பழையபடியே இருந்தால் எந்தச் செயலமர்வும் பயன் தராது.

கோட்பாடு புதிதல்ல. அறிகை (அறிவு), எழுச்சி (உணர்வு), உள இயக்கம் (செய்திறன்) என்ற மூன்று கற்றல் ஆட்சிகளை இலங்கையில் ஆசிரியத் தொழிலுக்கு வந்த எவரும் படித்திருப்பார்கள். அறியக் கற்றல், செய்யக் கற்றல், கூடி வாழக் கற்றல், தானாக இருக்கக் கற்றல் என்ற நான்கு தூண்களை யுனெஸ்கோவின் டெலோர்ஸ் ஆணைக்குழு 1996 இல் சொன்னது. 2007 இல் தரம் 6 இலும் 10 இலும் தொடங்கிய தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் பிள்ளை செய்து கற்பதைத்தான் கேட்டது. சொல் எல்லோரிடமும் இருக்கிறது. வன்னியில் அந்தச் சொல் பெரும்பாலும் ஒரு பாட்டாகவும், ஒரு களிமண் உருவமாகவும், பாடத்தின் கடைசி ஐந்து நிமிட 'விழுமியம்' ஆகவும் சுருங்கிப்போகிறது. 'நீரைச் சேமிப்போம்' என்று பாடிவிட்டு மணி அடிக்கப் போவதை முழுமை என்று சொல்ல முடியாது. அது பாடத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்.

கல்லூரியில் நடக்கக்கூடிய ஓர் அமர்வை எடுத்துக்கொள்வோம். இரண்டு பாடவேளை, 80 நிமிடம், 30 ஆசிரிய மாணவர்கள். பொருள்: மழைமானி. தேவையானவை 1.5 லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் ஆறு, கத்தரிக்கோல், அடிமட்டம், ஒட்டுநாடா, சிறு கற்கள், மணல் நிரப்பிய வாளி. ஐந்து பேருக்கு ஒரு போத்தல்.

முதல் கேள்வி: கடைசியாகப் பெய்த மழை எவ்வளவு? 'நல்ல மழை', 'சும்மா தூறல்', 'ஊத்தினது' என்று பதில் வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுத வேண்டும். எதையும் திருத்தக் கூடாது. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு கமக்காரர் விதைப்பைத் தீர்மானிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியும், தலைமுறைகளாகத் தீர்மானித்திருக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். அது நல்ல பதில். அதை விட்டுவிடக் கூடாது. அப்படியானால் அளப்பது எதற்கு என்று அவர்களிடமே திருப்பிக் கேட்க வேண்டும்.

பிறகு செய்தல். போத்தலின் கழுத்துச் சரிவு முடிந்து நேர்ச்சுவர் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாகப் புனல்போல உள்ளே வைக்க வேண்டும். போத்தலின் அடி மேடு பள்ளமாக இருக்கும். அதற்குள் கற்களைப் போட்டு, சுவர் நேராகும் உயரம்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு. அதுதான் பூச்சியம். அதிலிருந்து மேலே மில்லிமீற்றர் அடையாளங்கள். பிழைகள் வழக்கமாக வருவதும் இங்கேதான். சிலர் அடியிலிருந்தே அளப்பார்கள். சிலர் இடுப்பு ஒடுங்கிய, வரிவரியான போத்தலைக் கொண்டுவருவார்கள். அதில் ஒரு மில்லிமீற்றர் எல்லா உயரத்திலும் ஒரே அளவு நீராக இருக்காது. சிலர் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே வைப்பார்கள். அந்தப் பிழைகளை முன்கூட்டிச் சொல்லித் தடுக்காமல் விட்டால்தான் அமர்வுக்கு உயிர் வரும்.

மழைக்காலத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. போத்தல் வாயின் குறுக்களவு 8.8 செ.மீ. என்றால் பரப்பு ஏறத்தாழ 61 சதுர செ.மீ. அதற்குள் 61 மி.லீ. நீர் ஊற்றினால் மட்டம் 10 மி.மீ. உயர வேண்டும். ஆறு குழுக்களும் ஊற்றிப் பார்க்கும். இரண்டு குழுவுக்கு 10 வரும். ஒரு குழுவுக்கு 8, இன்னொன்றுக்கு 13. இந்த இடத்தில் அறை எப்படி நடந்துகொள்கிறது என்பதை விரிவுரையாளர் கவனிக்க வேண்டும். 13 வந்த குழுவில் ஒருவர் மெதுவாக '10 எண்டு எழுதுங்கோ' என்பார். இன்னொருவர் 'இல்லை, திருப்பி ஊத்திப் பாப்பம்' என்பார். நேர்மை என்ற விழுமியம் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் நிற்கிறது. அதற்கென்று தனிப் பாட்டு வேண்டாம். கை அளக்கிறது, தலை கணக்குப் பார்க்கிறது, மனம் பொய் எழுதலாமா என்று யோசிக்கிறது. ஒரே வேலைக்குள் இந்த மூன்றும் நடக்கும்போதுதான் முழுமைசார் கற்றல் என்ற பெயர் பொருந்தும்.

நேரப் பங்கீடு கேள்விக்கு 10 நிமிடம், செய்வதற்கு 25, ஊற்றிப் பார்ப்பதற்கு 15, பேச 30. கெட்டுப்போவது எப்போதும் கடைசி 30 நிமிடம். வெட்டுவதும் ஒட்டுவதும் 50 நிமிடத்தை விழுங்கிவிடும். மணி அடிக்கும். ஆசிரிய மாணவர்கள் ஒரு கைவினைப் பொருளைச் செய்து முடித்த மகிழ்ச்சியோடு எழுந்து போவார்கள். அதனால் போத்தல்களை முதல்நாளே வெட்டி வைத்துவிடுவது நல்லது. அந்த 30 நிமிடத்தின் முதற்பாதியில் அவர்கள் மாணவர்களாகப் பேச வேண்டும்: எந்த இடத்தில் குழம்பினீர்கள், யார் சொன்னதைக் குழு கேட்கவில்லை. மறுபாதியில் ஆசிரியர்களாக: எந்த இடத்தில் விரிவுரையாளர் பேசாமல் இருந்தார், ஏன் இருந்தார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் அவர்கள் கற்பித்தலைப் பற்றிக் கற்கிறார்கள்.

இந்தப் போத்தல் தரம் 1 இலிருந்து 11 வரை போகும். சின்ன வகுப்பில் ஒவ்வொரு நாளும் நீர் நின்ற உயரத்துக்கு ஒரு கடதாசிக் கீலம் வெட்டி, பழைய கலண்டரின் பின்பக்கத்தில் அருகருகே ஒட்டினால் ஒரு மாதத்தில் தானாகவே வரைபு வந்துவிடும். பெரிய வகுப்பில், ஒரு சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லீற்றர் நீர் என்பதிலிருந்து தொடங்கலாம். 20 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலமான பாடசாலைக் கூரையில் 25 மி.மீ. மழை விழுந்தால் 3,000 லீற்றர். பீலி பிடித்தால் 1,000 லீற்றர்த் தாங்கி மூன்று நிரம்பும். இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறும், வவுனிக்குளத்துக்குப் பாலியாறும், முத்தையன்கட்டுக்குப் பேராறும் கொண்டுவரும் நீர் எங்கிருந்து சேர்கிறது என்ற கேள்விக்கு அந்தக் கூரையிலிருந்து போகலாம். கூரை ஒரு சின்ன நீரேந்து பிரதேசம் என்பது எட்டாம் தரப் பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

கற்பித்தல் பயிற்சி ஜூன், ஜூலையில் விழுந்தால் வன்னியில் மழைமானி வெறும் போத்தல். அப்போது அகலமான தட்டு ஒன்றில் நீர் வைத்து நாளுக்கு எவ்வளவு குறைகிறது என்று அளக்கலாம். சோளகக் காற்று அடிக்கும் நாளும் அடிக்காத நாளும் வேறுபடும். கோழியும் நாயும் குடித்துவிடாமல் மேலே கம்பிவலை வேண்டும். எதை வைத்தாலும் நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும், நின்ற நீரில் நுளம்பு முட்டையிடும்.

கடலோரப் பாடசாலைக்கு இதே குளப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு போவதும் பிழைதான். முல்லைத்தீவுக் கரையில் கரைவலையும் வாடியும் கருவாடும் இருக்கின்றன. எத்தனை கிலோ பச்சை மீன் எத்தனை கிலோ கருவாடாகிறது என்பது நிறையும் விகிதமும் ஆவியாதலும் சேர்ந்த பாடம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வாழும் கிராமத்திலும் மன்னாரின் முசலிப் பக்கத்து முஸ்லிம் கிராமத்திலும் வீட்டுச் சொற்கள் வேறு. அங்கே பாடத்தைத் தொடங்குமுன், இதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு அந்தச் சொல்லைப் பலகையில் புத்தகச் சொல்லுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். வீட்டுச் சொல் பலகையில் ஏறியதும், அதுவரை வாய் திறக்காத பிள்ளையும் பேசத் தொடங்கும்.

வகுப்பை வெளியே கூட்டிப் போவது பற்றி வன்னியில் ஒரு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மிதிவெடி அகற்றும் வேலை சில இடங்களில் இன்னும் நடக்கிறது. அத்தோடு பாம்பு, யானை, ஆழமான குளம். இயற்கையோடு கற்றல் என்று புத்தகத்தில் படித்துவிட்டு இருபது பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்பும் ஆசிரியர் ஆபத்தானவர். அதிபரின் எழுத்து அனுமதி முதலில். முதல்நாள் அதே நேரத்தில் ஆசிரியர் அந்த வழியை நடந்து பார்க்க வேண்டும். ஊர் ஆட்கள் நாள்தோறும் பாவிக்கும் பாதையில் மட்டும் போக வேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். குளக்கட்டின் மேலே நிற்கலாம், அலைகரைக்கு இறங்கக் கூடாது. நிலத்தில் கிடக்கும் இரும்பு எதையும் தொடக் கூடாது, காலால் தட்டவும் கூடாது, கண்டால் வந்த அடியிலேயே திரும்பி வந்து பெரியவருக்குச் சொல்ல வேண்டும். இதைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் புறப்பட வேண்டும். வெளிக்கிடும்போது, அங்கே போய்ச் சேர்ந்ததும், திரும்பியதும் என மூன்று தரம் தலை எண்ண வேண்டும். காலை ஒன்பதரைக்குள் திரும்பிவிட்டால் வெயிலும் தப்பும். இவற்றைக் கல்லூரியில் தாளில் எழுதிக் காட்டினால் போதாது. ஆசிரிய மாணவர்களையே ஒருமுறை குளக்கட்டுக்குக் கூட்டிப்போய் அவர்களில் இருவரை ஆசிரியராக்கி நடத்த வேண்டும்.

இனி, எழுச்சி ஆட்சி என்று பாடநூல் சொல்லும் பகுதி. ஆரம்பத் தரங்களில் குடும்பம் பற்றிய பாடம் வரும். ஆசிரியர் ஒரு வீட்டைக் கீறி, அதன் முன்னால் அப்பா, அம்மா, அண்ணா, தங்கச்சி என்று நிறுத்தி, 'இப்ப நீங்கள் உங்கட குடும்பத்தைக் கீறுங்கோ' என்பார். வன்னியில் ஒரு பிள்ளை எழுந்து, 'ரீச்சர், அப்பா இல்லாட்டி என்ன கீறுறது?' என்று கேட்கலாம். போர் முடிந்த 2009 இல் பிறந்திருக்காத பிள்ளையும் கேட்கலாம். காணாமல் போன ஒருவரின் படம் சுவரில் தொங்கும் வீடுகளிலிருந்தும், தாய் வெளிநாட்டில் வேலை செய்ய அம்மம்மாவோடு வளரும் வீடுகளிலிருந்தும் அந்தக் கேள்வி வரும்.

இதற்குப் பயிற்சியில் தயார் செய்யாவிட்டால் மூன்று விதமாகப் பிழைக்கும். 'பரவாயில்லை, அம்மாவைக் கீறும்' என்று அவசரமாகக் கடந்துபோவது ஒன்று. எல்லார் முன்னாலும் 'அப்பாக்கு என்ன நடந்தது?' என்று விசாரிப்பது இரண்டாவது, இதுதான் மிகவும் காயப்படுத்துவது. கண்கலங்கிக் கட்டிப்பிடித்து, பாடம் முடியும்வரை அந்தப் பிள்ளையைத் தனியாகக் கவனிப்பது மூன்றாவது. அன்பாகத் தெரியும், ஆனால் வகுப்பு முழுவதும் அந்தப் பிள்ளையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

பாடத்தைத் தொடங்கும் இடத்தையே மாற்றினால் இந்தச் சிக்கலில் பாதி வராது. 'காலமை உங்களை ஆர் எழுப்பினது? ஆர் தலை இழுத்து விட்டது? சாப்பாடு ஆர் தந்தது?' இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதில் இருக்கும். அவர்களைக் கீறச் சொல்ல வேண்டும். ஆசிரியரின் மாதிரிப் படமும் ஒன்றாக இருக்கக் கூடாது. அம்மம்மாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும் உள்ள வீடு, பெரியம்மாவோடு இருக்கும் பிள்ளை, அப்பா மட்டும் உள்ள வீடு என நாலைந்து மாதிரி வேண்டும். இறந்தவரையோ காணாமல் போனவரையோ கீற விரும்பும் பிள்ளை கீறலாம். படங்களைச் சுவரில் ஒட்டுமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். எழுந்து கேட்ட பிள்ளையிடம் குனிந்து, மெல்லிய குரலில், 'உமக்கு ஆரைக் கீற விருப்பமோ அவையைக் கீறும்' என்றால் போதும்.

ஆசிரியர் உளவளத்துணையாளர் அல்ல. படத்திலோ பேச்சிலோ பயப்படும்படி எதையாவது பிள்ளை காட்டினால் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது, 'ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்' என்று சத்தியமும் செய்யக் கூடாது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே திகதியோடு எழுதி, அன்றைக்கே அதிபருக்கும் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியருக்கும் தெரிவிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது. இந்தப் பாதையை ஆசிரிய மாணவர் தன் பாடக்குறிப்புக் கொப்பியின் முதற் பக்கத்தில், அந்தந்தப் பாடசாலைக்குரிய ஆட்களின் பதவியோடு எழுதிய பிறகே பயிற்சிக்குப் போக வேண்டும்.

பாடக்குறிப்புக்கு வருவோம். தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு, படிமுறை, கணிப்பீடு என்று ஏற்கெனவே நிரல்கள் நிறைந்திருக்கின்றன. அதில் 'முழுமை' என்று இன்னொரு நிரலைச் சேர்த்தால் 'பிள்ளைகள் இயற்கையை நேசிப்பர்' என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். அதற்குப் பதிலாக இரண்டு வரிகளைக் கேட்கலாம். இந்தப் பாடத்துக்குள் பிள்ளை தன் வீட்டிலிருந்து என்ன கொண்டுவரும்? எந்த இடத்தில் பிள்ளை தானாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்? இரண்டாவது வரி வெறுமையாக இருந்தால், எத்தனை பாட்டு இருந்தாலும் அந்தப் பாடம் ஆசிரியரின் பாடம்தான். எழுச்சிப் பேற்றையும் கண்ணால் காணக்கூடிய செயலாக எழுத வேண்டும். 'நேர்மையை மதிப்பர்' என்பதைவிட 'தன் அளவு மற்றக் குழுவோடு ஒத்துவராதபோது மீண்டும் அளப்பார்' என்பது பார்க்கவும் கூடியது, கணிப்பிடவும் கூடியது.

பாடம் பார்க்க வரும் விரிவுரையாளரிடமோ ஆசிரிய ஆலோசகரிடமோ இருக்கும் படிவம் பெரும்பாலும் ஆசிரியரைப் பார்க்கும் படிவம்: குரல், கரும்பலகை எழுத்து, நேர முகாமை. பிள்ளைகளைப் பார்க்க அதில் இடம் குறைவு. மூன்று பிள்ளைகளைத் தெரிவுசெய்து, முன்வாங்கில் ஒன்று, நடுவில் ஒன்று, யன்னலோரம் ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் என்ன செய்கிறார்கள் என்று எழுதினால் 40 நிமிடத்தில் 24 வரி கிடைக்கும். அந்த 24 வரி பாடத்தைப் பற்றிச் சொல்வதை எந்தப் புள்ளித்தாளும் சொல்லாது.

பிறகு பேச்சு. 'எப்பிடிப் போச்சு?' என்று தொடங்கினால் 'பரவாயில்லை சேர்' என்று முடிந்துவிடும். ஒரு வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

'யன்னலோரத்தில இருந்த பிள்ளை பத்து இருவதுக்கு என்ன செய்தவர்?'

'கவனிக்கேல்லை சேர். அவர் எப்பவும் அப்பிடித்தான், ஈடுபாடு குறைவு.'

'மூண்டு தரம் போத்தலைத் தூக்கப் பாத்தவர். பக்கத்துப் பிள்ளை விடேல்லை. அதுக்குப் பிறகுதான் யன்னலுக்கால பாக்கத் தொடங்கினவர்.'

ஈடுபாடு குறைவு என்ற தீர்ப்பு அந்த இடத்தில் நின்றுவிடும். ஐந்து பேருக்கு ஒரு போத்தல் என்றால் இரண்டு பேர் பார்வையாளர்கள் என்பது ஆசிரிய மாணவருக்கே தெரியும். நாளைக்கு என்ன மாற்றுவீர்கள் என்பதற்கு ஒரேயொரு பதில் போதும். பத்துத் திருத்தங்களைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. புள்ளியிடும் வருகையையும் இந்தப் பேச்சையும் ஒன்றாக வைக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். புள்ளி கையில் இருக்கும்போது எவரும் தன் பாடத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

ஆசிரியர் போதாத பாடசாலைகளில் ஒருவரே இரண்டு மூன்று தரங்களை ஒரே மண்டபத்தில் வைத்திருக்க நேரும். 40 நிமிடத்தில் முதல் 8 பொதுவாக, பிறகு ஒவ்வொரு தரத்தோடும் 8, கடைசி 8 மறுபடி பொதுவாக. மழை அளவு எல்லாருக்கும் பொது: தரம் 1 கீலம் வெட்டி நிறம் தீட்டும், தரம் 3 அட்டவணை நிரப்பும், தரம் 5 இரண்டு வாரக் கூட்டுத்தொகையை ஒப்பிட்டு இரண்டு வசனம் எழுதும். ஆசிரியர் இல்லாமல் ஒரு தரம் 16 நிமிடம் இருக்க வேண்டும். கொடுத்த வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தால் மண்டபம் குலைந்துவிடும். வேலை அட்டையைத் தயாரித்து, வேறொருவரைச் செய்யவைத்து நேரம் பார்த்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

கட்டுறு பயில்வுக்கு (பாடசாலையில் பணிசெய்து பழகும் காலத்துக்கு) போகும் ஆசிரியரிடம் பெற்றார் கேட்கும் முதல் கேள்வி தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றியதாக இருக்கும். அதைச் சலிப்போடு பார்க்கக் கூடாது. வீடும் காணியும் நகையும் கையைவிட்டுப் போன குடும்பங்களுக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் யாரும் பறிக்காத முதல். போத்தலோடும் கீலத்தோடும் பிள்ளை விளையாடுகிறது என்று ஒரு தாய் கவலைப்பட்டால், அதே அளவுகளை வைத்துப் பிள்ளை தானே எழுதிய கணக்குகளைக் கொப்பியில் காட்ட வேண்டும். இதற்காகவே வாரத்துக்கு ஒரு நாள் மழைத் தரவிலிருந்து எழுத்து வேலை வேண்டும். பெற்றார் கூட்டத்தில் விளக்கம் சொல்வதைவிட, பிள்ளையைக் கொண்டே தாய்க்கு மழைமானியை வாசித்துக் காட்டச் செய்வது நல்லது.

பயிற்சி முடிந்து ஆசிரியர் போகும்போது மழைக் கொப்பி பாடசாலையிலேயே இருக்க வேண்டும். முதற் பக்கத்தில் போத்தலின் குறுக்களவு, வைத்த இடம், அளக்கும் நேரம். வளிமண்டலவியல் திணைக்களம் அளக்கும் காலை 8.30 ஐயே வைத்துக்கொண்டால் பின்னர் ஒப்பிடலாம். நிரல்கள் நான்கு: திகதி, மி.மீ., அளந்தவர் பெயர், குறிப்பு. சனியும் ஞாயிறும் பாடசாலைக்கு அருகில் இருக்கும் பிள்ளை வந்து அளந்தால் நல்லது. வராவிட்டால் திங்கள் காலை நிற்கும் அளவை மூன்றால் வகுத்து மூன்று கட்டங்களையும் நிரப்பக் கூடாது. சனி, ஞாயிறு கட்டங்களை வெறுமையாக விட்டு, திங்கட்கிழமைக் குறிப்பில் 'மூன்று நாளும் சேர்த்து' என்று எழுத வேண்டும்.